தடுக்காமல் வாசிக்கிறவள்

அந்தச் சொல் அரமேயமா எபிரெயமா என்ற சண்டை காலை பத்தரைக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டு அடித்த பிறகும் முடிந்தபாடில்லை. முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஞானசிகாமணி. மேசையைச் சுற்றியிருந்த மற்ற மூவருக்கும் இது தெரியாது. அவருக்கும்கூட பதினோரு மணி டீ வருகிறவரை சரியாகத் தெரியாது. டீயோடு வந்த ஓமப்பொடியை அவர் மனைவி கனகம் இடது கையால் எடுத்து வாயில் போட, பாதி மடியில் உதிர்ந்தது. அதைப் பார்த்தவாக்கில்தான் அவருக்கு உறைத்தது, நான் இப்போது சொல்லுக்காகப் பேசவில்லை, அந்த நாற்காலிக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று. உறைத்தும் என்ன, நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் வசனம் முடிந்துவிடும். வசனம் முடிந்தால் வாசிக்கிற ஆளைக் கூப்பிடுவார்கள். வாசிக்கிற ஆள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், ஷெர்லின் டீச்சர், முப்பது வயது, நல்ல மணியான குரல் என்று சொன்னார்கள். கனகத்துக்கு அது தெரியாது. கனகம் ஜன்னலோரம் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

நேற்று சாயங்காலமே ஆசீர்வாதம் ஐயர் போனில் சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேதாகமத்தைப் புதிதாகத் தமிழில் பெயர்க்கிற குழுவுக்கு அவர்தான் தலைவர், எழுபத்தெட்டு வயது, யார் மனதும் நோகக் கூடாது என்று பயந்தே காலம் தள்ளிய மனிதர். "நாலு மாசமாக் கூட்டம் போடாம இருந்தாச்சு சார். அச்சகத்துக்காரங்க நெருக்குதாங்க. வாசிக்கதுக்கு ஷெர்லின் டீச்சர வரச் சொல்லிருக்கேன். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, வீட்டுல தனியா விடாதீங்க. ஆனா அம்மாட்ட நீங்களே பக்குவமா ஒரு வார்த்த சொல்லிருங்க." சொல்லிருதேன் ஐயரே என்றார் இவர். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கனகம் பீரோவைத் திறந்து, நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையைத் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குக் கட்டுகிற புடவை அதுதான், இருபத்திரண்டு வருஷமாக அதுவும் அதன் தங்கச்சிகளும்தான். சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைத்தார். சாப்பிட்டபின், காலையில் சொல்லலாம் என்று நினைத்தார். காலையில் அவளுக்கு அவரே கொசுவம் வைத்துவிட வேண்டியிருந்தது, குனிந்து மடிப்புகளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. ஆட்டோவில் சொல்லலாம் என்று நினைத்தார். ஆட்டோவில் அவள் வழிநெடுக அவரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தாள், அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே சத்தத்தில், மதலா, மதலா, மதலா, முருகன்குறிச்சி திரும்புகிறபோது ஒரு சிரிப்பு, பிறகும் மதலா. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில் ஏழு மொழி தெரிந்த மனிதருக்குப் பெண்டாட்டியிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

"சார், நான் திரும்பவும் சொல்லேன்," என்றான் பிரைட்சன். டாக்டர் பிரைட்சன், முப்பத்தெட்டு வயது, ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன், ஞானசிகாமணியிடம்தான் முதன்முதலாக அரமேய எழுத்துகளைப் படித்தான். "அரமேயம்னா அந்த இடத்துல நடுவுல ஒரு த் கேக்கணும் சார். எத்பத்தான்னு வந்திருக்கணும். அந்தக் காலத்துக் கல்வெட்டு, சுருள், எதுலயும் அந்த த் விழுந்ததுக்குச் சாட்சி இல்ல. எபிரெயம்னு வச்சுக்கிட்டா பிரச்சனையே இல்ல." சொல் எப்பத்தா. காதும் கேட்காமல் நாக்கும் புரளாமல் இருந்த ஒருவனை, கூட்டத்திலிருந்து தனியே கூட்டிப்போய், காதில் விரல் வைத்து, நாக்கைத் தொட்டு, வானத்தைப் பார்த்து ஒரு மூச்சு விட்டுவிட்டு இயேசு சொன்ன சொல். திறந்துகொள் என்று அர்த்தம். கிரேக்கத்தில் கதையை எழுதியவர் இந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே காதில் விழுந்தபடி வைத்துவிட்டார். இரண்டாயிரம் வருஷமாகச் சண்டை போட அதுவே போதுமானதாக இருந்தது. அடிக்குறிப்பில் அரமேயச் சொல் என்று போடுவதா, எபிரெயச் சொல் என்று போடுவதா? ஒரே ஒரு வரி அடிக்குறிப்பு. படிக்கிறவர்களில் நூற்றுக்கு ஒருத்தர் கண்ணைக் கீழே இறக்கினால் அதிகம். "கல்வெட்டு எழுதுதவன் ஒழுங்காத்தான் எழுதுவான் தம்பி," என்றார் ஞானசிகாமணி, "பாளையங்கோட்டைப் பத்திர ஆபீசுல இருக்க கிரயப் பத்திரத்த வச்சுக்கிட்டு இந்த ஊர்க்காரன் எப்படிப் பேசுதான்னு கண்டுபிடிச்சிர முடியுமா? கலிலேயாவுல மீன் விக்கவன் த்‌த முழுங்கத்தான் செய்வான்." தங்கையா புலவர் சிரித்தார். குழுவில் தமிழ் பார்க்கிறவர் அவர், அரமேயம் எப்படிப் போனாலும் அவருக்குச் சந்தி ஒழுங்காக இருக்க வேண்டும். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஞானசிகாமணி பையிலிருந்து இன்னொரு கட்டுத் தாளை எடுத்தார். ஆதித் திருச்சபையில், என்று ஆரம்பித்தார், ஞானஸ்நானம் கொடுக்கிறபோது காதையும் மூக்கையும் தொட்டு இந்தச் சொல்லைச் சொல்லுகிற வழக்கம் இருந்தது, லத்தீன் பேசினவர்கள்கூட அதை லத்தீனாக்காமல் அப்படியே சொன்னார்கள், ஏன் சொன்னார்கள்? ஜனங்கள் வாயில் புழங்கின சொல் என்றுதானே.

ஏன் சொன்னார்கள்? எனக்கு மட்டும் தெரியுமா ஏன் சொன்னார்களென்று. பக்கவாதம் வந்து கனகம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மூன்றாம் வாரம், ஒரு மத்தியானம், வேலைக்காரப் பெண் போனபிறகு, அவரும் அதைச் செய்து பார்த்திருந்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். குளியலறைக்குப் பக்கத்தில் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவள் நாக்கை விரலால் தொட்டு, எப்பத்தா என்றார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று தெரிந்த படிப்பாளிதான் அவர். ஆனாலும் அந்தப் படிப்பாளியின் புத்தி எப்படிப் போனதென்றால், ஒருவேளை பிரைட்சன் சொல்வது சரியாக இருந்து, உச்சரிப்பு தப்பாகியிருந்தால் என்று, எபிரெயத்தில் வரவேண்டிய மாதிரி, தொண்டையிலிருந்து, இன்னொரு தரம் சொன்னார். பிறகு த் சேர்த்தும் ஒரு தரம் சொன்னார். கனகம் முதலில் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிறார் என்று நினைத்து வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். மூன்றாவது தரம் அவளுக்குச் சிரிப்பு வந்து அவர் விரலைக் கடித்துவிட்டாள். வலித்தது. அந்த வலியில்தான் அழுதார் என்று அவள் நினைத்திருப்பாள், முதுகைத் தடவிக்கொடுத்தாள், மதலா மதலா என்று, பிள்ளையைத் தேற்றுகிற குரலில். குரலெல்லாம் அப்படியே இருக்கிறது, அதுதான் கொடுமை. கோபத்துக்கு ஒரு குரல், சமாதானத்துக்கு ஒரு குரல், பால்காரரிடம் ஒரு குரல். சொல் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், அவங்க பேசறது அவங்க காதுக்குச் சரியாத்தான் கேக்கும் சார், நம்மதான் புரியாத மாதிரி நடிக்கோம்னு நினைச்சுக்குவாங்க.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேசையில் எத்தனை பண்டிதர்கள் எவ்வளவு அடித்துக்கொண்டு ஒரு வசனத்தை முடித்தாலும், அதைச் சண்டை கேட்காத ஒரு ஆள் ஒரே தரம் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் எங்கேயாவது தடுக்கினால் வசனம் மறுபடி மேசைக்கு வரும். தடுக்காமல் வாசித்தால் ஐயர் 'தடை இல்லை' என்பார், நோட்டில் ஏறும். கனகம் பதினொன்றாவது வரை படித்தவள், ஓய்வுநாள் பள்ளி டீச்சர், பாடகர் குழுவில் முன்வரிசை. வராந்தாவில் குரோஷா பின்னிக்கொண்டிருப்பாள், கூப்பிட்டால் ஊசியை முடியில் செருகிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டுவாள். எத்தனை பேருடைய படிப்பை அவள் தடுக்கி விழுந்து கவிழ்த்திருக்கிறாள். ஒரு தரம் ஞானசிகாமணி மூன்று வாரம் உழைத்து எழுதிய ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டு, "இது மூச்சுக்கு நிக்காது ஐயரே," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, இங்கருங்க, கோவப்பட்டாலும் மூச்சு அவ்வளவுதான வரும் என்றாள். இன்னொரு வழக்கமும் உண்டு. மேசையில் கடைசிவரை எவர் விடாமல் நின்றாரோ, அவர்தான் தாளை எடுத்துக்கொண்டு போய் வாசிக்கிறவர் கையில் கொடுக்க வேண்டும். கர்வம் குறையட்டும் என்று யாரோ ஒரு பழைய ஐயர் வைத்த ஏற்பாடு.

மேசைக்குக் கீழே அவர் காலில் பை இடித்துக்கொண்டிருந்தது. பைக்குள் நோட்டு. அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம், அடுப்பில் வைத்திருக்கலாம், செய்யவில்லை. நாற்பது வருஷமாகக் கனகம் அவருக்கு ஊர்ச் சொல் கொடுத்து வந்தாள். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துப் பெண் அவள். சமைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று இங்கருங்க, எங்க அத்த இதுக்கு ஒரு வார்த்த சொல்லுவா என்பாள், இவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அதுதான் அவர்களுக்குள் இருந்த கொஞ்சல், வேறு கொஞ்சல் இவருக்கு வரவும் வராது. நாலு மாசத்துக்கு முன்னால், அன்றைக்குக் காலையில் ஆறரை மணி. அடுக்களையில் டம்ளர் விழுந்த சத்தம். போனால் அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்து, மதலா என்றாள். என்னது என்றார். மதலா என்றாள். அவருக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது, கர்த்தாவே, சந்தோஷம். "இது எந்த ஊர்ச் சொல்லு கனகம்? அத்த சொன்னதா?" நோட்டை எடுத்துவந்து அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். மதலை, குழந்தையா? முதலா? மத்தளமா? அவள் ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் குரல் ஏறி இறங்கியது, அதையும் மேலே கோடு போட்டுக் குறித்தார். கெஞ்சுகிற குரலை, கெஞ்சுகிற குரல் என்று தெரியாமல், ஏறுகோடு இறங்குகோடு என்று குறித்தார். பதினொரு வரி. ஏழேகாலுக்கு அவள் உதடு ஒரு பக்கம் இறங்கினபோதுதான் பென்சில் கீழே விழுந்தது. ஆஸ்பத்திரியில், எப்ப ஆரம்பிச்சது சார், கரெக்டா சொல்லுங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று கேட்டார்கள். ஏழேகாலுக்கு என்றார். இன்றைய தேதி வரை ஒருவருக்கும் தெரியாது. கனகத்துக்குத் தெரியும். தெரிந்து, சொல்ல அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, அந்தச் சொல்லோ பைக்குள் கிடக்கிறது.

"சார் சொல்றபடியே போட்டிரலாம் ஐயரே," என்று பிரைட்சன் சொன்னது அவர் காதில் தாமதமாகத்தான் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் கனகத்தின் மடியில் உதிர்ந்து கிடந்த ஓமப்பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அரமேயம்னே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல." இரக்கம். படுபாவி, இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறான். ஞானசிகாமணி தாள்கட்டை மறுபடி பிரித்தார். "அப்படி விட்டுரக் கூடாது தம்பி," என்றார், "ஒங்கிட்ட இன்னும் வாதம் இருக்கே. சமாரியர் உச்சரிப்ப நீ எடுக்கவே இல்ல. தொண்டை எழுத்து போன விஷயத்தச் சொல்லல. எபிரெயத்த அப்ப ஜனங்க பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்கன்னு சுருள்கள்ல இருக்கே, அதச் சொல்லு." அவன் சொல்லவில்லை. அவரே சொன்னார். எபிரெயத்தின் பக்கம் நின்று, காலையெல்லாம் தான் கட்டினதைத் தானே ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கி, கால்மணி நேரம் பேசினார். எவ்வளவு நன்றாகப் பேசினார், பிரைட்சனுக்கே அவ்வளவு வராது. பேசப்பேச அவருக்கே எபிரெயம்தான் சரியென்று பட்டது, பிறகு அதுவும் இல்லையென்று பட்டது, பிறகு எந்த மொழியாக இருந்தால் என்ன, அந்த மனிதன் அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டு அதன் வேரையா தேடினான், வாய் திறந்தது, பேசினான், வீட்டுக்குப் போனான் என்று பட்டது. "சார்வாள்," என்றார் தங்கையா புலவர் மெதுவாக, "நீங்க இப்ப எந்தப் பக்கம்?"   ஐயர் பேனாவை மூடினார். "அரமேயம்னு போடுவோம். முடிஞ்சது," என்று தாளை மேசைமேல் நகர்த்தி, ஞானசிகாமணிக்கு எதிரே நிறுத்தினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, கனகத்துக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல, "டீச்சர், உள்ள வாங்கம்மா," என்றார்.

தாள் லேசாகத்தான் இருந்தது. மேசையிலிருந்து ஜன்னலுக்கு ஏழெட்டு அடி, வாசலுக்கும் அவ்வளவுதான். ஷெர்லின் டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கூட்டைத் திறந்தபடி நின்றாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும், நல்ல பிள்ளை, புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். கனகம் அவளைப் பார்த்து, சபையில் புதிதாக வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புச் சிரித்தாள். பிறகு கண்ணாடியை இடது கையாலேயே, ஒரு காதில் மாட்டி, தலையைச் சாய்த்து மறு காதில் மாட்டிக்கொண்டு, கையை நீட்டினாள். அவரிடம் நீட்டினாள். இப்போது சொல்ல வேண்டும். கனகம், இன்னைக்கு நீ இல்ல, இந்தப் பிள்ளை. அவ்வளவுதான் வாக்கியம், மூச்சுக்கு நிற்கும். ஐயர் சுவரைப் பார்த்தார். பிரைட்சன் கையைப் பிசைந்தான். ஞானசிகாமணி வாசலைப் பார்த்து ஒரு அடி வைத்ததும் உண்மை, கனகத்தின் கை நீட்டியபடியே அவரைத் தொடர்ந்து திரும்பியதும் உண்மை. அந்தக் கையைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை. நல்ல மனதோடு கொடுத்தார் என்று சொல்ல முடியாது. முடியாமல் கொடுத்தார்.

அவள் தாளை மடியில் நீவிவிட்டாள். எப்போதும் செய்கிற மாதிரி முதலில் கண்ணால் ஒரு ஓட்டம் ஓட்டினாள். தொண்டையைச் செருமினாள். வாசித்தாள். மதலா மதலா மதலா. கூட்டத்தை விட்டு அவனைத் தனியே கூட்டிப்போகிற இடத்தில் குரல் தணிந்தது. மதலா. நாக்கைத் தொடுகிற இடத்தில் நிதானமாயிற்று. மதலா, மதலா. காற்புள்ளிக்கு நின்றாள், அரைப்புள்ளிக்குக் கூடக் கொஞ்சம் நின்றாள். வானத்தைப் பார்க்கிற இடத்தில் தாளிலிருந்து முகத்தைத் தூக்கினாள், மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள், அந்த மூச்சு மட்டும் தாளில் எப்படி இருந்ததோ அப்படியே வெளியே வந்தது. அப்புறம் அந்தச் சொல். அரமேயமோ எபிரெயமோ, காலையிலிருந்து அவர்கள் பிய்த்துப்போட்ட சொல். மதலா என்றாள், கட்டளையிடுகிற குரலில். ஏறுகோடு, இறங்குகோடு. ஞானசிகாமணிக்கு அந்தக் கோடுகள் மனப்பாடம், பதினொரு வரியும் மனப்பாடம். கடைசி வாக்கியத்தைச் சமமாக முடித்து, தாளை இரண்டாக மடித்தாள். எங்கேயும் தடுக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

அவள் ஐயரைப் பார்த்தாள், அவர்தானே சொல்ல வேண்டும். ஐயர் கைக்குட்டையைத் தேடினார். பிரைட்சன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வாசலில் ஷெர்லின் டீச்சர் கண்ணாடியைக் கூட்டுக்குள் போட்டுச் சத்தம் வராமல் மூடினாள். கனகத்தின் முகத்தில் சந்தேகம் எழும்ப ஆரம்பித்தது, எங்கே பிசகினேன் என்று, மடித்த தாளை மறுபடி பிரிக்கப் போனாள். அதை ஞானசிகாமணியால் தாங்க முடியவில்லை. "தடை இல்லை, ஐயரே," என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. கனகத்துக்கு முகம் தெளிந்துவிட்டது. பார்த்தீர்களா என்பதுபோல அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், மடித்த தாளை ஜன்னல் கட்டையில் வைத்தாள், புடவையிலிருந்த ஓமப்பொடியைத் தட்டிவிட்டாள், அடுத்த தாளுக்குக் கையை நீட்டினாள்.